இன்சூரன்ஸ் ஏஜண்டு வேலை: ஏற்பதா, விடுவதா?

தோட்டத்துக் கிராணிமாரிடமும், நாலெழுத்துப் படித்த தொழிலாளத் தோழர்களிடமும் இப்பொழுது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இன்சூரன்ஸ் ஏஜண்டாகச் சேருகிறீர்களா?" என்பதே அது. சம்பளம் போதவில்லை என்று முணுமுணுக்கும் எவரிடமும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிடுகிறது. நம்மிடமும் வந்தது. உடனே "ஆம்" என்று சொல்லவும் மனம் வரவில்லை. "இல்லை" என்று தள்ளவும் துணிவு வரவில்லை. இரண்டு மாதம் யோசித்தோம். கண்ட முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையல்ல. என்ன கணக்குப் போட்டு அந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் அங்கத்தினர் முன் வைப்பது நம் கடமை. ஏனெனில் இது ஒரு கிராணியின் சொந்த விஷயமாகத் தோன்றினாலும், அவன் விற்கப் போவது உங்களிடம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு படகேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கினோம். படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். அறுபது பேர் வரை கூடியிருந்தார்கள். தோட்டத்துக் கிராணிமார், பிறை தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் பெண்கள், துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டும் தம்பிமார் என்று பெரும்பாலோர் நம்மவர்களே. பேசியவர் நமக்கு அடுத்த தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தகப்பனார் பால் வெட்டியவர். இன்று அவருக்கு நல்ல வீடும் நல்ல காரும் இருக்கின்றன. அதைக் குறைசொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை, உழைத்துத்தான் வந்திருக்கிறார்.

அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். முதல் போட வேண்டியதில்லை. உங்களுக்கு நீங்களே துரை. வருமானத்துக்கு எல்லை இல்லை. மூன்றையும் தமிழில், நம் வீட்டுப் பேச்சில், மனம் குளிரச் சொன்னார். பிறகு எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்று முதல் நூறு வரை எண் போட்ட தாள். "அண்ணே, உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கள். அதுதான் உங்கள் மூலதனம்" என்றார்.

எழுத ஆரம்பித்தோம். முதலில் மைத்துனர், தங்கை வீட்டுக்காரர், பெரியப்பா மகன். அதற்கடுத்துத் தோட்டம். தண்டல், ஆயாக்கொட்டகையில் வேலை பார்க்கும் அம்மா, கோயில் கமிட்டிக்காரர்கள், பால் வெட்டுக்காரர்கள். இருபத்தேழாவது பெயரில் பேனா நின்றுவிட்டது. சென்ற ஆண்டு கணவனை இழந்த ஓர் அம்மாவின் பெயர் அது. அவருக்குச் சொக்சோ பாரங்களை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாம். மாதம் எத்தனை வெள்ளி வாரிசுப் பென்ஷன் வருகிறது என்பது நமக்குக் காசு சுத்தமாகத் தெரியும். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ஐயா" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார் என்பதும் தெரியும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். நம் யோசனை அங்கே தொடங்கியது.

வேலையின் தன்மை என்ன?

இந்த வேலை புதியதல்ல. கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி 1908-இல் சிங்கப்பூரில் தோன்றியது. புருடென்ஷியல் 1924-இல் மலாயாவுக்கு வந்தது. ஏ.ஐ.ஏ. 1948-இல் வந்தது. ஏஜண்டுகள் வீடு வீடாக நடந்துதான் இந்நாட்டில் ஆயுள் காப்புறுதி வளர்ந்திருக்கிறது. இன்று இத்தொழில் பாங்க் நெகாராவின் மேற்பார்வையில் நடக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் இதற்கு அடிப்படை. முன்தகுதித் தேர்வில் தேறி, மலேசிய ஆயுள் காப்புறுதிச் சங்கத்தில் பதிந்துகொண்ட பிறகே ஒருவர் ஆயுள் காப்புறுதி ஏஜண்டாகலாம்.

கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பொதுக் காப்புறுதியில், அதாவது வாகனம், தீ முதலியவற்றில், ஓர் ஏஜண்டு இரண்டு கம்பெனிகள் வரை பிரதிநிதியாக இருக்கலாம். ஆயுள் காப்புறுதியிலோ ஒரே ஒரு கம்பெனிதான். அடுத்த கம்பெனியின் பாலிசி மலிவாக இருந்தாலும், நம் தோழருக்கு அதுவே பொருத்தமாக இருந்தாலும், அதை அவர் விற்க முடியாது. கடைக்காரர் ஒருவர் ஒரே ஆலையின் அரிசியைத்தான் விற்பேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டது போன்றது இது. அந்த அரிசி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் "எந்த அரிசி நல்லது?" என்று அவரிடம் யோசனை கேட்பதில் பயனில்லை.

ஏஜண்டு கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் கம்பெனியின் தொழிலாளி அல்லர். அவர் கையெழுத்திடுவது ஏஜன்சி ஒப்பந்தம். வேலை நியமனக் கடிதம் அன்று. ஆகையால் மாதச் சம்பளம் கிடையாது. கம்பெனி முதலாளி என்ற முறையில் ஊழியர் சேமநிதிக்குக் கட்ட வேண்டிய பங்கு கிடையாது. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுமுறை கிடையாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் நிழல் அவர்மேல் விழாது. வருமானம் கமிஷன் மட்டுமே. அதுவும் பாலிசி எழுதிய முதலாண்டில் மிகுதியாகவும், பின் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தும், சில ஆண்டுகளில் நின்றும் போவது. சில கம்பெனிகள் புதியவர்களுக்கு ஓராண்டு, ஈராண்டு உதவித்தொகை கொடுப்பதுண்டு. அதற்கு இலக்கு உண்டு. இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். படிக்காமல் கையெழுத்திடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

துறைமுகம் கண்ட பழைய ஏஜண்டுகள்

ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட ஏஜண்டுகளைப் பினாங்குத் துறைமுகம் முன்பே கண்டிருக்கிறது. அவர்களில் இரண்டு வகையாரை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது.

முதல் வகையார் செட்டியார் கடைகளின் ஏஜண்டுகள். பினாங்கு வீதியிலும் அதையடுத்த தெருக்களிலும் இருந்த கிட்டங்கிகளில் பெட்டியடி முன் அமர்ந்து வட்டித் தொழில் நடத்தியவர்கள் இவர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜண்டு பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறி வருவார். அவரும் ஒரே கடைக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் அவருக்குப் பேசிய சம்பளம் உண்டு. அதில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே வீட்டில் கொடுத்துவிட்டு வருவதும் வழக்கம். கணக்கு முடிந்தபின் இலாபம் கண்டிருந்தால் அதிலும் பங்கு. கட்டுப்பாட்டுக்குக் கூலி இருந்தது.

இரண்டாம் வகையார் கங்காணிகள். நம் பாட்டன் பூட்டனை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, ஜெரஜா தீவில் தடைமுகாமில் காத்திருக்கச் செய்து, இந்தக் கரையில் இறக்கிவிட்டவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின், 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை, ஆள் சேர்ப்பில் கங்காணியின் கையே ஓங்கியிருந்தது. கங்காணியும் ஒரே தோட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். சேர்த்த ஆள் வேலைக்கு வந்த நாளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு. அவர் எங்கே போய் ஆள் பிடித்தார்? தம் சொந்த ஊரில், சொந்த ஜாதியில், சொந்த உறவில். ஏன்? அந்நியன் சொன்னால் கப்பலேற மாட்டார்கள். மாமன் சொன்னால் ஏறுவார்கள். துரைக்கு வேண்டியிருந்தது கங்காணியின் உடலுழைப்பு மட்டுமல்ல. அவர்மேல் ஊரார் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் துரை விலைக்கு வாங்கினார்.

இன்றைய இன்சூரன்ஸ் ஏஜண்டைக் கங்காணி என்று ஏசுவது நம் நோக்கமன்று. அவர் யாரையும் கடனில் கட்டிப்போடவில்லை. அவர் விற்கும் பொருள் குடும்பத்துக்குப் பயன்படக்கூடியது. தவிர, கங்காணி காலத்தில் இல்லாத சட்டமும் மேற்பார்வையும் இன்று இருக்கின்றன. ஆனால் நூறு பெயர் எழுதும் அந்தத் தாளைப் பார்த்தபோது, தலைக்காசின் கணக்கு நினைவுக்கு வந்ததை மறைக்கப் போவதில்லை. ஏஜண்டு எழுதும் பாலிசியிலும், அவர் சேர்த்துவிடும் புது ஏஜண்டுகள் எழுதும் பாலிசியிலும் மேலே இருக்கும் தலைவருக்கு ஒரு பங்கு போகிறது. மண்டபத்தில் அறுபது நாற்காலி போட்டதற்குக் காரணம் அதுதான். செட்டியார் கடை ஏஜண்டின் கட்டுப்பாடும், கங்காணியின் கமிஷனும் இங்கே ஒன்று சேர்ந்திருக்கின்றன. செட்டியார் கடை ஏஜண்டின் சம்பளம் மட்டும் காணாமற் போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் கிராணி. கணக்குப் போடாமல் விட மனம் வராது.

இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று, அதாவது 221 வெள்ளி. ஆக மாதம் 1,921 வெள்ளி. ஆண்டுக்கு 23,052 வெள்ளி. சொக்சோவை இதில் சேர்க்கவில்லை.

இதே தொகையை ஏஜண்டாக இருந்து சம்பாதிக்க எத்தனை பாலிசி எழுத வேண்டும்? கமிஷன் விகிதம் பாலிசிக்குப் பாலிசி மாறும். கணக்குக்காக முதலாண்டில் நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் 150 வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 1,800 வெள்ளி. அதில் கமிஷன் 540 வெள்ளி. 23,052 வெள்ளிக்கு நாற்பத்து மூன்று பாலிசி வேண்டும். பெட்ரோல், டெலிபோன், டீக்கடைச் செலவு எல்லாம் நம் கையைச் சேர்ந்தவை. செபராங் பிறையில் ரப்பர் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. எஞ்சிய தோட்டம் ஒன்றில் அறுபது வீடு இருக்கிறதென்று கொள்வோம். எல்லா வீட்டிலும் எழுதினாலும் ஒன்றரை ஆண்டில் வீடு தீர்ந்துவிடும். பழைய பாலிசிகளின் கமிஷனோ குறைந்துகொண்டே வரும். அதற்குமேல் என்ன செய்வது? அதே வீட்டில் இரண்டாவது பாலிசி. இல்லாவிட்டால் பழையதை நிறுத்திவிட்டுப் புதியது எழுதச் சொல்வது. நல்லவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி, கட்டுகிறவர் பக்கம் பார்ப்போம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி போனால் மீதி 1,513. அதில் 150 என்றால் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. இலை உதிரும் மாதங்களிலும், விடியற்காலை மழையில் மரம் நனைந்துவிடும் நாட்களிலும் தொழிலாளியின் மேல்வரும்படி அடிபடும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கை மேலும் இறுகும். இரண்டு மாதம் தவறினால் பாலிசி ஆட்டங் காணும். முதலிரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தினால் பெரும்பாலான பாலிசிகளில் கைக்கு வருவது ஒன்றுமில்லை, அல்லது மிகச் சொற்பம். ஏஜண்டு தம் கமிஷனின் பெரும்பகுதியை அதற்குள் வாங்கியிருப்பார்.

நம் தோட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு பால் வெட்டுக்காரர் நான்காண்டு கட்டினார். எழுதிக் கொடுத்த ஏஜண்டு இரண்டாம் ஆண்டே தொழிலை விட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். வங்கிக் கணக்கில் பணமில்லாததால் பணம் பிடிக்கப்படவில்லை என்று வந்த கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் எவருக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பாலிசி செத்து ஆறு மாதமாகிவிட்டது என்று தெரிந்தது. யாரும் திருடவில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை. கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

காப்புறுதி வேண்டாமென்கிறோமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பெரும் பிழை. வீட்டுத் தலைவர் போனபின் தோட்டத்துக் குடும்பம் படும் பாட்டை நாம் கண்ணாரக் கண்டவர்கள். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். மரணச் சகாய நிதிக்கு உண்டியல் குலுக்கிச் சடங்கை முடிக்கலாம். பிள்ளைகளை வளர்த்துவிட முடியாது. பாலிசிப் பணம் வந்ததால் படிப்பை முடித்த பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பாலிசியை எழுதிக்கொடுத்த ஏஜண்டைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் தொழிலாளிக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ, வேலையில் விபத்து நேர்ந்தாலும், உழைக்க இயலாமற் போனாலும் உதவுகிறது. நிபந்தனைப்படி சந்தா கட்டியவர் இறந்தால் வாரிசுக்குப் பென்ஷன் தருகிறது. 1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதி இருக்கிறது. 2022 முதல் சேமநிதி அங்கத்தினர் தம் கணக்கிலிருந்தே, ஏஜண்டு இல்லாமல், சில காப்புறுதிகளை நேரே வாங்கவும் வழி உண்டு. 2017 முதல் கம்பெனிகளும் கமிஷன் சேராத எளிய ஆயுள் பாலிசிகளை நேரடியாக விற்று வருகின்றன. இவற்றையெல்லாம் கட்டுப்பட்ட ஏஜண்டு எடுத்துச் சொல்லலாம். சொல்வதால் அவருக்கு ஒரு காசும் வராது. சொல்கிறவர் இல்லாமல் இல்லை. அவர் அரியவர்.

கூட்டுறவு என்ற வழியையும் நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய அதே 1954-இல்தான் கூட்டுறவுக் காப்புறுதிச் சங்கமும் இந்நாட்டில் தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளியின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டியது. காப்புறுதிச் சங்கம் பிற்காலத்தில் கம்பெனியாக மாறிவிட்டது. ஆயினும் விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே பக்கத்தில் நிற்கும் ஏற்பாடு நடக்காத காரியமல்ல என்பதற்கு அக்காலம் சாட்சி.

நம்பிக்கைதான் இங்கே முதல்

"முதல் போட வேண்டியதில்லை" என்று மண்டபத்தில் சொன்னார்கள். அதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் போடத்தான் வேண்டும். அந்த முதல், நம் வார்த்தைமேல் மற்றவர் வைத்திருக்கும் நம்பிக்கை. பத்தாண்டு செக்ரோல் எழுதி, தவறாமல் நாள் போட்டு, சம்பளச் சீட்டில் குறைந்ததைத் துரையிடம் வாதாடி வாங்கிக் கொடுத்துச் சேர்த்த முதல் அது. ஒரு பாலிசி கெட்டால் ஏஜண்டுக்குக் கமிஷன் நஷ்டம். கிராணிக்கோ அந்த முதலே நஷ்டம். அடுத்த கூலி உயர்வுப் பேச்சுக்கு அவன் வந்து "தோழர்களே" என்று அழைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இது வீண் பயமல்ல. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், யோசனை சொல்கிறவர் ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்டவரா, சுயேச்சையானவரா என்பதைத் தெளிவாக்க வேண்டும் என்று விதி வந்தது. விதி நல்ல விதிதான். ஆயினும் 1988 முதல் சில ஆண்டுகளில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், நர்சுகள், ஆசிரியர்கள் என்று இலட்சக்கணக்கானோர், கமிஷன் வாங்கும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு, முதலாளி பணம் கட்டும் நல்ல பென்ஷன் திட்டத்தைவிட்டுக் கம்பெனிகளின் தனிப் பென்ஷனுக்கு மாறினார்கள். முடிவில் கம்பெனிகள் கொடுத்த நஷ்டஈடு 1,100 கோடி பவுனுக்கு மேல். படித்தவர்கள், பலமான தொழிற்சங்கங்கள் உள்ளவர்கள் நிறைந்த தேசத்திலேயே இப்படி என்றால், ஆங்கிலக் கடிதம் வந்தால் கிராணியைத் தேடும் நம் நிலை என்ன?

நல்ல ஏஜண்டும் தப்ப முடியாத சங்கடம் வேறொன்று உண்டு. மருத்துவக் காப்புறுதியின் கட்டணத்தை அவர் நிர்ணயிப்பதில்லை. 2024-இன் இறுதியில் கட்டணங்கள் பெரிதாக ஏறின. நாடெங்கும் கூக்குரல் எழுந்து, அவ்வாண்டு டிசம்பரில் பாங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பும்படி கம்பெனிகளுக்குச் சொன்னது. அந்த மாதத்தில் மக்கள் கம்பெனித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஏஜண்டு வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். விலையை ஏற்றுகிறவர் ஒருவர். ஏச்சுக் கேட்கிறவர் இன்னொருவர். அந்த நாற்காலியில் உட்காரும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

நம் முடிவு

நாம் இந்த வேலையை ஏற்கவில்லை. கிராணியாகச் செக்ரோலையும், சங்கத்தின் கிளைப் பொறுப்பையும் கையில் வைத்துக்கொண்டு, அதே மக்களிடம் ஒரு கம்பெனியின் பாலிசியை விற்பது தகாது என்பதே நம் அபிப்பிராயம். எவர் சம்பளம் எவ்வளவு, எவருக்குப் போனஸ் வந்தது, எந்த விதவைக்குப் பென்ஷன் வந்தது என்பதெல்லாம் வேலையின் காரணமாக நமக்குத் தெரிந்தவை. அவற்றை விற்பனைக்கு உபயோகிப்பது நம்பிக்கைத் துரோகம். உபயோகிக்கவே மாட்டேன் என்று ஒருவன் சத்தியம் செய்யலாம். தெரிந்ததை மறந்துவிட அவனால் முடியுமா?

மற்றவர்களுக்கு இதே முடிவுதான் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆலையில் வேலை போன தம்பிக்கும், வீட்டிலிருந்தபடி நாலு காசு சம்பாதிக்க நினைக்கும் சகோதரிக்கும் இது கௌரவமான தொழிலாக அமையலாம். சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரிந்த மொழியில் முழுவதும் கேட்டீர்களா? விலகினால் என்ன திருப்பிக் கட்ட வேண்டும்? நூறு பெயர் தீர்ந்தபின் யாரிடம் போவீர்கள்? சம்பளம் இல்லாமல் ஓராண்டு குடும்பம் தாங்குமா? சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் நீங்களாகவே பணம் கட்டி வருவீர்களா? கடைசியாக ஒன்று: "அக்கா, உனக்கு இந்தப் பாலிசி வேண்டாம், இருப்பதே போதும்" என்று சொந்த அக்காளிடம் சொல்லி, அந்தக் கமிஷனை இழக்க மனம் துணியுமா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்லக்கூடியவர்கள் தாராளமாகச் சேரட்டும். அப்படிப்பட்ட ஏஜண்டுகள் நமக்கு வேண்டும்.

கிளைகளுக்கு நம் யோசனை இது. கிளைப் பொறுப்பில் இருப்பவர் ஏஜண்டானால் பொறுப்பைவிட்டு விலகட்டும். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் எந்தக் கம்பெனியின் விற்பனையும் கூடாது. பாலிசி வாங்குகிறவர்களும் அறிந்துகொள்ளுங்கள்: பாலிசித் தாள் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பதினைந்து நாளில் யாரிடமாவது வாசித்துக் கேளுங்கள்.

அந்த "யாராவது" நாமாக இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நூறு பெயர் எழுதத் தந்த தாள் இன்னும் நம்மிடம் இருக்கிறது. இருபத்தாறு பெயரோடு நின்ற தாள். இருபத்தேழாவதாக அந்த அம்மாவின் பெயரையும் எழுதிவிட்டோம். சம்பளம் கழிந்த அடுத்த ஞாயிறு மாலை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உட்காருவோம். கையில் பாலிசி உள்ளவர்கள் எல்லோரும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், கொண்டு வாருங்கள். என்ன கட்டுகிறீர்கள், எதற்குக் கட்டுகிறீர்கள், யார் பெயர் வாரிசாகப் போட்டிருக்கிறது என்று தமிழில் வாசித்துச் சொல்கிறோம். கட்டணம் கிடையாது. வங்கியிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ வந்து, புரியாமல் அலமாரியில் கிடக்கும் கடிதங்களையும் மறவாமல் எடுத்து வாருங்கள். மற்றத் தோட்டத்துக் கிராணிமாரும் தத்தம் தோட்டத்தில் இதைச் செய்ய முன்வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.